வாசித்துக் காட்டாத சீன்

சினிமாவில் லோக்கல் மேனேஜர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். அந்த டவுன் பஸ் படத்தின் டைட்டிலில் என் பெயர் ஏன் இல்லை என்று என்னிடம் கேட்காதவர்கள் உங்களில் யாரும் இல்லை. பஸ்ஸை வாடகைக்கு விட்டவர் பெயர் இருக்கிறது. கேரவன் டிரைவர் பெயர் இருக்கிறது. இடைவேளைக்கு முன்னால் ஒரு நாய் ரோட்டைக் கடந்து ஓடுகிறதே, அந்த நாயை வளர்த்தவருக்கு நன்றி என்று தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறார்கள். பஸ் நின்ற மரத்திலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்த சனம் வரைக்கும் ஏற்பாடு பண்ணிக் கொடுத்த என் பெயர் இல்லை. "பாய்க்கு வயசாயிருச்சுப்பா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறீர்கள். கோபம் உண்மை. இன்னும் தணியவில்லை. யார் மேல் கோபம் என்பதைக் கடைசிவரை கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு தோல்ஷாப்பில் பச்சைத்தோல் அலசிக்கொண்டிருந்தவன். அங்கேயிருந்து வந்து, இந்த ஜில்லாவில் எந்த ஊரில் கேமரா வைத்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்கிற அளவுக்கு வளர்ந்தேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு இருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு நாள் ஷூட்டிங்குக்கு மணமேடையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மழை பெய்து கெட்ட படப்பிடிப்புக்கு மறுநாள் காலையில் முந்நூறு பேரைத் திரும்பவும் அதே சட்டையோடு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். மலைக்கோட்டையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்த முடியுமா என்று ஒரு கேமராமேன் கேட்டான். முடியாது என்று நான் சொல்லவில்லை. கேமராவை நகர்த்தினேன்.

எனக்கு இதெல்லாம் எதனால் முடிந்தது? என் வாயால். நம் வேலைக்கு முதலீடு வாக்கு ஒன்றுதான். ஒரு ஊருக்குள் போய், "வாங்க, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று சொல்கிறோம். அந்த ஊர் கதவைப் பூட்டிவிட்டு நம் பின்னால் வருகிறது. கம்பெனியை நம்பி வருவதில்லை, டைரக்டரை நம்பி வருவதில்லை. நம்மை நம்பி வருகிறது. இதை நான் உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நானே அதைக் காற்றில் விட்ட கதையைத்தான் சொன்னதில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் வந்த டவுன் பஸ் தொடர் உங்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முந்தியது. ஆனாலும் செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்திருப்பீர்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு ரோட்டில் போய், செம்பட்டி தாண்டி ஒரு கிராமத்துக்குள் திரும்புகிற டவுன் பஸ். ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், தினமும் ஏறுகிற சனம். அவ்வளவுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை அது ஓடும்போது தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது.

அதை எடுத்தவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவருக்குப் பெயர் போட்டுப் பேசுவது பிடிக்காது. நாங்கள் அய்யா என்போம். எப்போதும் வாயில் ஒரு ஏலக்காய், கக்கத்தில் ஒரு குடை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன், பஸ் நிற்கும் புளியமரத்தடியில் எல்லோரையும் உட்கார வைப்பார். நடிகர்கள் மட்டும் இல்லை, டிரைவர், சமையல்காரர், கூட்டத்துக்கு வந்த ஊர்சனம், எல்லோரையும். அன்றைக்கு எடுக்கப்போகிற சீனை முதலிலிருந்து கடைசி வரை சத்தம் போட்டு வாசிப்பார். வாசிக்கும்போது பேப்பரைப் பார்க்க மாட்டார், முகங்களைப் பார்ப்பார். அவருடைய சட்டம் இதுதான்: சீனில் யாரை வைத்துச் சிரிப்பு வருகிறதோ, அந்த ஆள் சிரிக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை என்றால் பேனாவை எடுத்து அந்த இடத்தை அடித்துவிடுவார்.

நான் அந்த மரத்தடிக்குப் போனது லீவு நாளில் வேடிக்கை பார்க்க. கூட்டத்தில் ஒரு தலையாக உட்கார வைத்தார்கள். அன்றைய சீனில் தோல்ஷாப்பு ஆள் ஒருவன் பஸ்ஸில் ஏறுவான். ஏறியதும் அவன் மேல் அடிக்கிற வாடை தாங்காமல் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகக் காலி பண்ணும். கடைசியில் டிரைவரே இறங்கி ஓடுவார். அய்யா வாசிக்க வாசிக்க மரத்தடியே உருண்டு சிரிக்கிறது. நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அய்யா வாசிப்பதை நிறுத்தினார்.

"நீங்க ஏன்யா சிரிக்கல?"

"சிரிப்பு வரலைங்கய்யா."

"எங்க வேலை?"

"தோல்ஷாப்புலங்க."

அவர் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். டிரைவராக நடித்தவருக்கு வயிற்றெரிச்சல். "அய்யா, இருக்கிறதுலயே இதான் நல்ல சீனு" என்றார்.

"இருக்கலாம். ஆனா இவரு நாளைக்கும் பஸ்ஸுல ஏறணும்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காக நான் மறுநாள் தோல்ஷாப்புக்குப் போகவில்லை. மரத்தடிக்கு வந்து, "அய்யா, என்ன வேலைன்னாலும் குடுங்க" என்று நின்றேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை அதுதான். சினிமா ஆசையால் வந்தேன் என்று சொல்கிறவர்கள் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்.

காளியம்மாள் அந்தத் தொடருக்குள் வந்ததும் இப்படித்தான். நடிகை இல்லை. நிஜமாகவே அந்த ஊரிலிருந்து கத்திரிக்காய்க் கூடையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற பெண். அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் சண்டை போடுகிற சீன் வாசிக்கப்பட்டபோது, கூட்டத்திலிருந்து எழுந்து நின்று, "நான்னா அப்படிச் சொல்ல மாட்டேன்யா" என்றது.

"எப்படிச் சொல்லுவ?"

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. "எனக்கு டிக்கெட் எடுத்துட்டேன்ல? அப்ப எந்தலைக்கும் சேத்துத்தான எடுத்திருக்கேன்? தலைமேல இருக்கிறதுக்கு என்னத்துக்குத் தனியா? அப்படிப் பாத்தா, மொதல்ல அந்த மதினி கொண்டையில இருக்கிற பூவுக்கு டிக்கெட்டப் போடு!"

நிஜக் கண்டக்டர் ஒருவரும் அன்று கூட்டத்தில் இருந்தார். முதலில் சிரித்தது அவர்தான். அய்யா அப்படியே எழுதிக்கொண்டார், காளியம்மாளையே நடிக்க வைத்தார். அது ஒளிபரப்பான பிறகு இந்த ஜில்லாவில் எந்தக் கண்டக்டராலும் கூடைக்கு லக்கேஜ் கேட்க முடியவில்லை. கேட்டால் பஸ்ஸே அந்த வசனத்தைச் சொன்னது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திரையில் நாம் வைக்கிற பெயர் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த ஊரில் காளியம்மாள் அன்றையிலிருந்து தலைக்கூடை. புருஷன் தலைக்கூடை வீட்டுக்காரர். பிள்ளைகள் தலைக்கூடை பிள்ளைகள். "தலைக்கூடை வீட்டுக்கு எதுத்தாப்புல" என்று மற்றவர்கள் விலாசம் சொல்கிறார்கள். காளியம்மாளுக்கு அதில் பெருமைதான். மார்க்கெட்டில் அதன் கூடையை எடைபோட்டுப் பார்க்காமல் வாங்குவார்கள். தலைக்கூடை சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். ஒரு பட்டப்பெயர் ஒரு குடும்பத்துக்கு மேல் கூரை மாதிரி நிற்கும். அதே பெயர் வேறு மாதிரி விழுந்தால், கூரை தலையில் இடிந்து விழுந்த கதைதான்.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

அந்தத் தொடரைச் சினிமாவாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம் தொடர் அல்லவா. அய்யா காலமாகிப் பல வருஷம். அவர் வீட்டாரிடம் உரிமை வாங்கி, சென்னையிலிருந்து ஒரு இளம் டைரக்டர் வந்தார். பணிவான பையன். என்னைக் கண்டதும் காலைத் தொட வந்தார். "பாய், நீங்கதான் எங்களுக்குச் சொத்து" என்றார். எனக்கு யாராவது அப்படிச் சொன்னால் போதும், மூளை வேலை செய்யாது. ஆண்டவன் என்னை அப்படிப் படைத்துவிட்டான்.

யூனிட் வந்து இறங்கிய அன்றைக்கே ஆரம்பித்தது. பஸ்ஸின் உள்ளே வரிசையாகப் பூட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ஏன் தம்பி என்று கேட்டால், "திண்டுக்கல் ஃபீல் வேணும் பாய்" என்கிறார் ஆர்ட் டைரக்டர். பஸ்ஸுக்குள் பூட்டு எதற்கு, பயணிகளைப் பூட்டிவைக்கவா? ரோட்டோரம் எங்கே கேமரா திரும்பினாலும் ஒரு பிரியாணி அண்டா. பேசுகிறவன் எல்லாம் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏலே, ஏலே என்று கத்த வேண்டும். வீட்டில் பெற்ற தாயிடம் எவனாவது அப்படிக் கத்துவானா? பஸ்ஸில் ஏறுகிற ஆம்பளை ஒருத்தன் விடாமல் மீசை ஒட்டி, இடுப்பில் அரிவாள். கத்திரிக்காய் விற்கப் போகிறவனுக்கு அரிவாள் எதற்கு? நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரித்துக்கொண்டே தங்கள் இஷ்டப்படி செய்தார்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் கூடை சீன் இருந்தது. பழைய காளியம்மாளையே திரும்ப நடிக்க வைக்கலாம் என்று டைரக்டர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அழைத்து வருவது என் பொறுப்பு என்றேன். படப்பிடிப்புக்கு நான்கு நாளைக்கு முன்னாலேயே அந்த சீன் பேப்பரை என் செல்போனுக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்குச் சரளமாகப் படிக்க வராது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். அய்யா காலத்தில் வாசிப்பைக் காதால் கேட்டே சமாளித்தேன். அதற்கப்புறம் வந்த படங்களில், "தம்பி, கண்ணாடி வண்டியில கெடக்கு, சுருக்கமாச் சொல்லுங்க" என்று உதவி டைரக்டர்களிடம் கேட்டு ஓட்டினேன். முப்பது வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது. செல்போனிடம் கண்ணாடி வண்டியில் கிடக்கிறது என்று சொல்ல முடியுமா? மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வறட்டுக் கௌரவம். அதோடு, அந்த சீன் எனக்கு மனப்பாடம், அதில் படிக்க என்ன இருக்கிறது என்கிற மமதை. கட்டைவிரல் படம் ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டி அனுப்பிவிட்டேன். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டு, பெயரைக் கையெழுத்தாகப் போடப் பழகியவன் நான். எழுபதை நெருங்கும் வயதில் செல்போனில் கைநாட்டு வைத்தேன்.

அன்று சாயந்தரமே காளியம்மாள் வீட்டுக்குப் போனேன். இப்போது அதற்கு ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை. இளைய மகளுக்கு வத்தலக்குண்டில் ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள், பூ வைக்கிற சடங்கு மட்டும் பாக்கி.

"அண்ணே, என்ன சீனு? அதே கூடையா?"

"அதே கூடைதான் ஆத்தா."

"வேற எதுவும் சேத்திருக்காகளா? நீங்க படிச்சுப் பாத்தீங்கள்ல?"

"படிச்சுட்டேன். நான் படிக்காம ஒன்னைக் கூப்பிடுவேனா?"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்தது. அது சிரித்தது. "அப்ப சம்பந்தி வீட்டையும் வரச் சொல்லிருறேன்ணே. அவுகளும் பாக்கட்டும், நான் யாருன்னு" என்றது.

படப்பிடிப்பு நாளில் அதே புளியமரத்தடியில் ஏறக்குறைய இருநூறு பேர். எல்லாம் அந்த ஊர், சுற்றுப்பட்டு சனம், என் வாக்கை நம்பி வந்தவர்கள். வத்தலக்குண்டிலிருந்து சம்பந்தி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மாள் புதுச் சேலை கட்டி, எண்ணெய் வைத்துத் தலைவாரி, கூடையோடு பஸ் படியில் நின்றது. அதற்கு அன்றைக்குச் சொல்லப்பட்டது முதல் நாலு வரி மட்டும். பழைய வசனம்தான். அதை ஒரே தடவையில் சொல்லி முடித்தது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த ஷாட்டுக்கு ஏற்பாடு ஆகும்போது உதவி டைரக்டர் மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கவனிங்க! கண்டக்டர் கூடைக்குள்ள கைய விட்டு ஒரு பர்ஸை எடுப்பாரு. அது இந்த முன்சீட்டு ஆளோடது. எடுத்ததும் எல்லாரும் கையை நீட்டி, களவாணி, களவாணின்னு கத்திச் சிரிக்கணும். அந்தம்மாவைப் பஸ்ஸுலருந்து கீழ தள்ளும்போது நல்லா சத்தமா சிரிக்கணும்! சரியா?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

ஓடினேன் டைரக்டரிடம். "தம்பி, இது என்ன? அந்தம்மாவைத் திருடியாக்கவா கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

அவர் திகைத்துப்போனார். "பாய், பழைய ஜோக்கை அப்படியே வச்சா இப்ப சிரிக்க மாட்டாங்க. ஒரு ட்விஸ்ட் வேணும்ல? உங்களுக்கு அனுப்பினோமே. நீங்க ஓகே போட்டீங்களே."

செல்போனை நீட்டினார். என் கட்டைவிரல், மஞ்சளாக, நிமிர்ந்து நின்றது.

"இது கதைதான பாய். வெறும் காமெடி."

"தம்பி, நீங்க நாளைக்குச் சென்னைக்குப் போயிருவீங்க. அது நாளைக்கும் இதே பஸ்ஸுல ஏறணும்."

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க நேரமும் இல்லை. பின்னால் குரல் கேட்டது. காளியம்மாள் இறங்கி வந்திருந்தது.

"என்னண்ணே, களவாணின்னு கத்தச் சொல்றாக? யாரக் களவாணிங்கறாக?"

அதன் பின்னால் ஊர் இளவட்டங்கள் நாலைந்து பேர். ஒருத்தன் கையில் கல் ஏறியிருந்தது. "பாய் மாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க. பஸ்ஸுல ஒரு கண்ணாடி மிஞ்சாது" என்றான்.

தம்பிகளே, இதைத்தான் சொல்ல வந்தேன். நெருக்கடி என்றால் மழை வருவதோ ஜெனரேட்டர் நிற்பதோ இல்லை. இதுதான் நெருக்கடி. என் முன்னால் ஒரு சுலபமான வழி திறந்து கிடந்தது. "நம்மள ஏமாத்திப்புட்டாங்க, என்கிட்ட ஒண்ணு சொல்லி இங்க ஒண்ணு எடுக்குறாங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் மானம் தப்பும். அந்த யூனிட் அடி வாங்கும். நாளைக்குப் பேப்பரில் திண்டுக்கல்காரன் சினிமாக்காரனை அடித்தான் என்று வரும். நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

காளியம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அய்யா பேனாவோடு என்னைப் பார்த்த மாதிரி.

உதவி டைரக்டர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"எல்லாரும் உக்காருங்கப்பா. அப்பு, கல்லக் கீழ போடு. இவுக யாரும் ஏமாத்தல. சீன் பேப்பரை நாலு நாளைக்கு முன்னாடியே எனக்கு அனுப்பிட்டாக. நான்தான் படிக்கல. எனக்குப் படிக்க வராது. எழுத்துக்கூட்டித்தான் வரும். படிச்சுட்டேன்னு காளியம்மாகிட்டச் சொன்னது பொய். தப்பு எம்மேல. இந்த மரத்தடியில முந்தி ஒரு பழக்கம் இருந்துச்சு, பெரியவுகளுக்குத் தெரியும். இப்ப இந்தத் தம்பி சீனை மொதல்லருந்து வாசிப்பாரு. கேளுங்க. சிரிப்பு வந்தா சிரிங்க."

மைக்கை உதவி டைரக்டரிடம் கொடுத்தேன். அவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தலையசைத்தார். அதற்காக அந்தப் பையனுக்கு நான் பாதி மன்னிப்புக் கொடுத்துவிட்டேன்.

வாசித்தார். கூடை வசனம் வந்தபோது சிரித்தார்கள். கண்டக்டர் கையை விட்டார், பர்ஸ் வந்தது. சத்தம் இல்லை. தள்ளினார், சாக்கடையில் விழுந்தாள், கத்திரிக்காய் உருண்டது, சேலை விலகியது, ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். ஜெனரேட்டர் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. வாசிக்கிற தம்பியின் குரலே கீழே போய், கடைசி வரியை அவர் முனகினார்.

காளியம்மாள் கேட்டது. "தம்பி, அந்தப் பர்ஸ நான் எதுக்கு எடுத்தேன்?"

அவர் பேப்பரைப் புரட்டினார். "அது... அதுல போடலம்மா."

"பசிக்கு எடுத்தேனா? புள்ளைக்கு மருந்துக்கு எடுத்தேனா?"

"இல்லம்மா... காமெடிக்கு."

"கூடைக்குக் காசு குடுக்க மாட்டேன்னு வாயடிச்சவதான் நானு. இல்லைங்கல. அடுத்தவுக மடியில கை வச்சவ இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பியது. திட்டும் என்று நினைத்தேன். "படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எம்மகளை விட்டு வாசிக்கச் சொல்லியிருப்பேன்லண்ணே" என்றது. திட்டியிருக்கலாம்.

முன்வரிசையில் சம்பந்தி எழுந்தார். தோளில் துண்டைச் சரிசெய்தார். அந்த இருநூறு பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். காளியம்மாளும்தான். ஒரு பெண்ணின் கல்யாணம் அவர் வாயில் நின்றது, அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

"ஏத்தா, இதுல நடிக்கப் போறியா, இல்ல எங்ககூட வர்றியா? காப்பித்தண்ணி போட்டுக் குடுக்கிறேன்னு சொல்லித்தான கூப்பிட்ட?" என்றார்.

"வாரேன்ணே" என்றது. கூடையைக் குனிந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. நடந்தது. சம்பந்தி பின்னால் நடந்தார். ஊர் எழுந்து அவர்கள் பின்னால் போனது. புளியமரத்தடியில் மீதி இருந்தது பஸ்ஸும் பூட்டுகளும் பிரியாணி அண்டாவும்தான்.

கண்டக்டர் வேடம் போட்ட நடிகர், பெரிய காமெடியன், பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "பாய், எனக்கும் முதல்ல படிச்சப்பவே சிரிப்பு வரல. டைரக்டர் ஃபீல் பண்ணுவாருன்னு சொல்லாம விட்டுட்டேன்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கேட்டுவிட்டேன். "சார், படிக்கத் தெரியாதவன் படிக்காம விட்டான். படிக்கத் தெரிஞ்ச நீங்க படிச்சுட்டும் விட்டீங்களே. உங்க ஒரு வார்த்தைக்கு மாத்தியிருப்பாங்களே!"

என் கோபம் யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேனே, அதில் பெரிய பங்கு அவருக்கு. எழுதியவனுக்கு வயது குறைவு, ஊர் தெரியாது. எனக்குப் படிப்புக் குறைவு. அவருக்கு எதில் குறை? இப்படி ஒரு யூனிட் முழுக்கச் சிரிப்பு வராத ஆட்களே இருந்துகொண்டு, "சனம் சிரிக்கும்" என்று சனத்தின் தலையில் பழியைப் போட்டு ஒரு பொம்பளையைச் சாக்கடையில் தள்ளக் காத்திருந்தார்கள்.

மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. வர வேண்டாம் என்று அவர்கள் சொன்னதும், வர மாட்டேன் என்று நான் சொன்னதும் ஒரே நேரத்தில் நடந்தது. அந்த சீனை வேறு எங்கேயோ வைத்து, வெளியூர் நடிகையை வைத்து எடுத்துவிட்டார்கள். பர்ஸ் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது. படம் வந்ததும் திண்டுக்கல்லில் முதல் காட்சிக்கே போனேன். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். சிரித்தார்கள். எனக்கு இரண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்திருந்தவன் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அதைப் பார்த்து எனக்கு எரிந்தது எரிந்ததுதான். ஆனால் அந்தச் சாக்கடையில் கிடந்தது காளியம்மாள் இல்லை. ஊருக்குள் களவாணி என்கிற பெயரை ஒட்ட எவனுக்கும் ஒரு முகம் கிடைக்கவில்லை. என்னால் முடிந்தது அம்புட்டுத்தான்.

போன மாதம் காளியம்மாள் என் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தது. தட்டில் பழம், வெற்றிலை, மேலே பத்திரிகை. வாங்கிப் பிரித்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தேன்.

"அண்ணே, தேதி நான் சொல்றேன். சும்மா வாங்கி வைங்க."

"செத்த இரு ஆத்தா."

மேலே இருக்கிற சாமி பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். என் மனைவி கொடுத்த டீ அதன் கையில் ஆறிப்போனது. அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தது. மணமகள் பெயருக்குக் கீழே வந்தேன். த, லை, கூ, டை. தலைக்கூடை காளியம்மாளின் இளைய மகள் என்று அச்சில் இருந்தது. சம்பந்தி வீட்டார்தான் போடச் சொன்னார்களாம். கடைசியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்து முடித்துவிட்டுத்தான் "வாரேன்" என்று சொன்னேன்.

இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். எழுதி முடித்ததும், அய்யாவின் சட்டப்படி, முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். செல்போனில் கைநாட்டு வைத்த இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப அதை அடிச்சுரவா, அத்தா?" என்று பேனாவை எடுத்தாள்.

அது மட்டும் இருக்கட்டும் என்றேன்.